முறைத் தண்ணீர்

அல் ஐன் பேரீச்சந் தோப்புக்குள் நடந்தால் காலடியிலேயே ஃபலஜ் ஓடும். நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியே கொண்டுவந்து, முறை வைத்துப் பாய்ச்சும் ஏற்பாடு. ஹீலியில் அகழ்ந்தெடுத்த ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 வயது. மன்னார்குடிப் பக்கம் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வாய்க்காலிலும் முறைதான், தவறினால் சண்டைதான். 1946இல் இங்கே பொறுப்பேற்ற ஷேக் சாயித், ஃபலஜ்களைத் தூர்வாரிப் புதிதாக ஒன்றையும் வெட்டினார். அபுதாபி எண்ணெய் கப்பலேறியது 1962இல்தான்.

பிறகு ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின, ஃபலஜ்கள் வற்றின. இன்று தோப்பில் ஓடுவது மோட்டார் இறைத்த நீர். குடிநீர் ஃபுஜைராவில் உப்பு நீக்கி, பாலை தாண்டிக் குழாயில் வருகிறது. உப்பு நீக்க எரிவாயு வேண்டும். ஆக, இங்கே வாயு இருந்தால்தான் தண்ணீர்.

எங்கள் ஊரில் கணக்கு நேர்மாறு. 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு மத்திய அரசு உரிமை தந்தது. அந்த வாயு வெளிவர, படுகையிலுள்ள நீரை முதலில் இறைக்க வேண்டும். ஷேல் வாயுவுக்கோ தண்ணீரும் மணலும் ரசாயனமும் உள்ளே செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். ஊரில் எல்லாமே ‘மீத்தேன்’தான். திருத்தப் பார்த்தேன். சித்தப்பா போனில் கேட்டார்: “எடுத்தாலும் தண்ணி, விட்டாலும் தண்ணி. யாரோட தண்ணிடா அது?”

அந்தப் பிரசாரத்தின்போதே, 2013 டிசம்பர் 30 அன்று, அத்திவெட்டியில் நம்மாழ்வார் இறந்தார். 2017இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் எழுந்தன. 2020 பிப்ரவரியில் டெல்டாவை வேளாண் மண்டலமாக்கிய சட்டம், ஷேல் வாயுவைப் பெயர் சொல்லியே தடுத்தது. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளைத் தொடவில்லை. அதே நவம்பரில் அபுதாபியின் ருவைஸ் தியாப் பகுதியிலிருந்து, அட்னாக்கும் டோட்டலும் பாறை பிளந்து எடுத்த முதல் வாயு குழாயில் ஏறியது.

மறுதரப்பு வாதமும் அற்பமானதல்ல. இந்தியா தன் வாயுத் தேவையில் ஏறக்குறைய பாதியை இறக்குமதி செய்கிறது, அதில் பெரும்பங்கு கத்தாரிலிருந்து. உள்ளூரில் தோண்டாத வாயுவை வேறெங்கோ தோண்டித்தான் வாங்குகிறோம். எங்கள் இரண்டரை ஏக்கரை விற்காமல் காப்பாற்றுவதும் இந்த வளைகுடாச் சம்பளம்தான். ஊரில் போராட்டத்துக்கு நான் அனுப்பிய சிறுதொகையும் அதிலிருந்துதான். சித்தப்பாவிடம் இதை ஒருமுறை சொன்னேன். “தெரியும்டா” என்றார், உடனே மேட்டூர் நீர்மட்டத்துக்குப் பேச்சை மாற்றிவிட்டார்.