டியூப்பின் நுனியில் ஒரு பலூன்

வென்டிலேட்டரில் இருப்பவரின் வாய்வழியே இறங்கும் டியூப்பின் அடியில் ஒரு சின்ன பலூன் உண்டு. மருத்துவமனையில் அதை ‘கஃப்’ என்பார்கள். டியூப் மூச்சுக்குழாய்க்குள் போனதும் இதில் காற்றடைத்து உப்ப வைப்பார்கள். மெஷின் தள்ளும் காற்று மேலே கசியக் கூடாது, தொண்டையில் தேங்கும் எச்சில் கீழே இறங்கக் கூடாது. இரண்டுக்கும் இதுதான் காவல்.

முன்னோடிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ஆனாலும் இதற்கு உருக்கொடுத்தவர் என்று அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் ஆர்தர் குவெடலைத்தான் சொல்ல வேண்டும். கசாப்புக் கடையிலிருந்து விலங்குகளின் மூச்சுக்குழாயை வாங்கி வந்து, ரப்பர் கையுறையின் விரலை வெட்டி டியூப்பில் மாட்டிப் பார்த்தவர் அவர். சக மருத்துவர்கள் நம்ப வேண்டுமே? தன் நாய்க்கே மயக்க மருந்து கொடுத்து, கஃப் வைத்த டியூப்பைச் செருகி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திவிட்டார். நாயின் பெயர் ‘ஏர்வே’! தண்ணீருக்கடியில் அதற்கு மூச்சு சீராக ஓடியது. வெளியே எடுத்து மயக்கம் தெளிந்ததும் உடம்பை உதறிக்கொண்டது. இன்று எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதற்குத் தலையாட்டாது. 1928-ல் சக மயக்க மருந்து நிபுணர் ரால்ஃப் வாட்டர்ஸோடு சேர்ந்து இந்தக் கஃப்பைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் முடங்கி, உடம்பை வெளியிலிருந்து இயக்கி மூச்சு வாங்க வைக்கும் இரும்பு நுரையீரல் போன்ற கருவிகளில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பலர் தங்கள் எச்சிலிலேயே மூச்சு முட்டினார்கள். அங்கிருந்த மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டு, கஃப் வைத்த டியூப்பைச் செருகி, பையைக் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கச் சொன்னார். சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு அழுத்தினார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது.

சில மணி நேர அறுவை சிகிச்சைக்காகப் பிறந்த கஃப், அதன் பிறகு வாரக்கணக்கில் உள்ளேயே தங்க ஆரம்பித்தது. சிக்கலும் அங்கேதான். ரப்பர் கஃப் அழுத்திய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணானது. சிலருக்குப் பின்னாளில் குழாயே சுருங்கிப்போனது. அதனால் மெல்லிய, அகலமான பிளாஸ்டிக் கஃப் வந்தது. அதற்கும் ஒரு குறை. மூச்சுக்குழாயைவிட அகலமானதால், உள்ளே போனதும் அது மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். மேலே தேங்கிய கிருமி கலந்த எச்சில் அந்த மடிப்புகள் வழியே சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் இறங்கும். டியூப் போட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவுக்கு இது ஒரு முக்கிய வழி. குவெடலின் நாய் தண்ணீரில் கிடந்தது கொஞ்ச நேரம்தான். அந்தச் சோதனையில் இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

கஃப்பின் அழுத்தத்தை 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர நீர் தரும் அளவுக்குள் வைக்கிறார்கள். குறைந்தால் எச்சில் கசியும், கூடினால் சுவர் புண்ணாகும். கஃப்புக்கு மேலே தேங்குவதை உறிஞ்சத் தனித்துளை உள்ள டியூப்களும் வந்துவிட்டன. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைக்கிறார்கள். இத்தனை செய்தும் கசிவு முழுசாக நிற்பதில்லை. அதனால் டியூப் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் வீட்டார் யாராவது வென்டிலேட்டரில் இருந்தால், டாக்டரிடம் தினமும் தயங்காமல் கேளுங்கள்: “இன்னைக்கு டியூப்பை எடுக்க முடியுமா?”