பெங்களூர் கண்ட பிளேக் நோய்

பெங்களூரில் வாழும் தமிழன்பர்கள் மல்லேசுவரம், பசவனகுடி, பிரேசர் டவுன் ஆகிய இடங்களுக்கு நாள்தோறும் சென்று வருகின்றனர். அகன்ற வீதிகளோடு இப்பகுதிகள் வளர்ந்ததற்குக் கொடிய நோயொன்று காரணமாயிருந்தது என்பதை எத்துணைப் பேர் அறிவர்?

1896-ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக், 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டியது. நெருக்கமான பேட்டைத் தெருக்களிலும், நம் முன்னோர் பலர் குடியேறியிருந்த கண்டோன்மெண்டிலும் அது பல உயிர்களைக் கொள்ளை கொண்டது. நோயாளிகளைத் தனி முகாம்களில் வைக்க அதிகாரிகள் முற்பட்டனர். முகாமுக்கு அஞ்சிய மக்கள் நோயை மறைத்தனர். பலர் ஊரை விட்டே ஓடினர். செய்தி விரைந்து சென்றாலன்றி நோயைத் தடுத்தல் இயலாது என்றுணர்ந்து, அப்பணிக்கெனத் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. பின்னர் நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகள் வளர்ந்தன.

இந்நோயின் கிருமியை 1894-இலேயே ஹாங்காங்கில் எர்சின் என்னும் அறிஞர் கண்டறிந்தார். ஆயினும் அக்கிருமி நம் உடலின் காவலை எங்ஙனம் வெல்கிறது என்பது ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின்னரே விளங்கலாயிற்று.

நம் உடலில் கிருமிகளை விழுங்கும் காவல் அணுக்கள் உள்ளன. பகைக் கிருமி தீண்டியதும், அணுவின் மேற்புறத்திலிருந்து சில புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கருவுக்குச் செய்தி அனுப்பும். அங்கே குறிப்பிட்ட மரபணுக்கள் விழித்து, பிற காவலர்களை அழைக்கும் பொருள்களை ஆக்குவிக்கும். பிளேக் கிருமியோ ஊசி போன்ற உறுப்பால் நச்சுப் புரதங்களை அவ்வணுவினுள் செலுத்துகிறது. அவற்றுள் 'யாப்-ஜே' என்பது, தூதுப் புரதங்களின் மீது அசெட்டைல் என்னும் சிறு தொகுதியை ஒட்டி அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. இவ்வுண்மை 2006-இல் வெளியாயிற்று. மரபணு சிதையவில்லை, அதற்குரிய ஆணைதான் வந்து சேரவில்லை. கம்பி அறுந்த தொலைபேசியின் நிலை அது.

இன்று பிளேக்கிற்கு நல்ல மருந்துகள் உள்ளன. ஆனால் அவை காலத்தே கொடுக்கப்பட வேண்டும். அணுவுக்குள் எச்சரிக்கையை அடக்கும் கிருமிக்கு, வீட்டுக்குள் நோயை மறைக்கும் நாமும் துணைபோதல் தகுமோ? 1898-இல் பெங்களூர் கற்ற பாடம் இதுவே: நோய் கண்டவிடத்து உடனே அறிவித்தலே முதற் காப்பு.