லயம் பிறந்த கதை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் இலங்கையின் ஊவாவில், கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை இறங்கியது. அந்நேரம் பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள் நின்ற இடத்தில் சேறும் பாறையும்தான் மிஞ்சின. முதல் நாள் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகச் செய்தி வந்தது. பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. சில உடல்கள் கிடைத்தன. மற்றவர்கள் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

அந்தச் சரிவு ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் அவர்கள் ஏன் போகவில்லை என்று அன்று பலர் கேட்டார்கள். அதைவிட மூத்த கேள்வி ஒன்று உண்டு. அந்த லயம் அங்கே எப்படி வந்தது? இதற்குப் பதில் தேடினால் தேயிலைக்கு முன்னால், கோப்பிக்கும் முன்னால் போக வேண்டியிருக்கிறது. லயத்தின் கதை ஒரு போரில் தொடங்குகிறது.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. மூன்று ஆண்டுகூட முடியவில்லை, ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தன. பதுளையில் இருந்த அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் 1817இல் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே கிளர்ச்சிக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார். ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக் இராணுவச் சட்டம் போட்டார். சென்னையிலிருந்து படை வந்தது. மறைந்திருந்து அடிக்கிறவனை நேருக்கு நேர் பிடிக்க முடியாதபோது படைகள் என்றும் செய்வதையே இங்கும் செய்தார்கள்: வீடுகளை எரித்தார்கள், நெல்லை அழித்தார்கள், மாடுகளைக் கொன்றார்கள். 1818 நவம்பர் 26ஆம் திகதி கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது. அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குப் போய், 1954இல்தான் நாடு திரும்பியது.

தலைவர்களின் கதை இத்தோடு முடிகிறது. நிலத்தின் கதை இங்கேதான் ஆரம்பம். பசியும் நோயும் போரைவிட அதிகம் பேரைக் கொண்டுபோயின. வெல்லஸ்ஸவின் வயல்கள் காடேறின. உழுதவர் இல்லாத நிலத்தைப் பார்க்கிறவனுக்கு அது எப்போதுமே யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகத்தான் தெரியும்.

அப்படித் தெரிந்ததைச் சட்டமாக்கியது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். உரிமை காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்றது அது. சேனை வெட்டி, மாடு மேய்த்து, விறகு பொறுக்கிய கிராமத்தவரிடம் பத்திரம் ஏது? அந்தக் காட்டை அரசாங்கம் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றது. 1844இல் விலை 20 ஷில்லிங் ஆனது. வாங்கியவர் யார் என்று பார்த்தால் ஆளுநர், நீதிபதி, படைத்தளபதி, மதகுரு என்று விற்ற பக்கத்து ஆட்களே வரிசையாக நிற்கிறார்கள்.

கோப்பித் தோட்டங்களுக்கு வழிகாட்டியவரும் ஒரு போர்வீரர்தான். வாட்டர்லூ போரில் காயம்பட்ட எட்வர்ட் பார்ன்ஸ் பின்னர் இலங்கையின் ஆளுநராகி, 1820களில் கண்ணொறுவையில் கோப்பி போட்டார். மலைநாட்டுக்குப் பாதையும் வெட்டினார். பின்னர் பதுளையை ஆண்ட மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பேர்பெற்றவர். சிப்பாய், நிர்வாகி, நீதிபதி மூன்றும் அவர் ஒருவரே. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். பதுளை புனித மார்க் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. இப்படிப்பட்ட ஆட்கள் ஒரு மலைநாட்டைத் திருத்தி அமைக்கும்போது அவர்களுக்குத் தெரிந்த வடிவம் பாளையம் ஒன்றுதான்.

பயிர்செய்யும் முறை வேறொரு தீவிலிருந்து வந்தது. ஜமெய்க்காவில் தொழில் படித்த ரொபர்ட் பொய்ட் டைட்லர் 1837இல் மேற்கிந்தியக் கோப்பி முறையை இலங்கைக்குக் கொண்டுவந்தார். அடிமை முறை அங்கே அப்போதுதான் ஒழிந்துகொண்டிருந்தது. அடிமைகளை வைத்துப் பழகிய பயிர், அந்தப் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறியிருக்கும் என்று நம்ப முடியவில்லை.

வயலும் சேனையும் உள்ள கிராமத்தவர் கூலிக்கு வர விரும்பவில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் கூட்டமாக ஆள் வேண்டும். புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த பாதையில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் விழுந்தவர்கள் ஏராளம். ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்கு மேலும் நடந்தார்கள். பறித்துவிட்டுத் திரும்பிப் போகிறவனுக்கு வீடு எதற்கு, கூரை போதும் என்பதுதான் தோட்டத் துரைமார் கணக்கு. மூங்கிலும் களிமண்ணும் புல்லுமாகத் தொடங்கிய கொட்டகை பின்னர் கருங்கல்லும் தகரமுமாக இறுகியது. பொருள் மாறியதே தவிர, கணக்கு மாறவில்லை.

ஒரு பழைய லயத்துக்குள் போய் நின்றால் அந்தக் கணக்கு விளங்கும். காம்பரா என்கிற அறை 10 அடிக்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதன் மூலையில் அடுப்பு. பின்பக்கம் ஜன்னல் இருக்காது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயமாக இருந்தால் ஜன்னல் வைக்கவே இடமில்லை. பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. அடுத்த காம்பராவில் வெங்காயம் வதங்கினால் இங்கே கண் எரியும், அங்கே புருஷன் பெண்சாதி சண்டை என்றால் இங்கே பிள்ளைகள் முழித்துவிடும். குடிக்கவும் குளிக்கவும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பீலி. கதவுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தவை. விடியலில் தப்புச் சத்தம் கேட்டால் எந்தக் கதவு திறந்தது, எந்தக் கதவு திறக்கவில்லை என்று கங்காணி ஓரிடத்தில் நின்றே பார்த்துவிடலாம். அடுத்து பெரட்டுக் களத்தில் தலை எண்ணுவார்கள். குடித்தனம் நடத்த நினைத்துக் கட்டிய எதுவும் இதில் இல்லை. ஆட்களை எண்ணுவதற்காகக் கட்டியது அது.

கட்டிய இடமும் அப்படித்தான். நல்ல முகட்டில் பங்களா. பயிருக்குத் தோதான சரிவில் கோப்பி. மிச்சம் கிடந்த பள்ளமும் செங்குத்துச் சரிவும் லயத்துக்கு. மரத்தை வெட்டிய மலையில் வேர்ப்பிடி போன பிறகு அந்தச் சரிவுகள் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. சில மாதத்தில் போய்விடப் போகிறவர்கள்தானே.

அவர்கள் போகவில்லை. கோப்பியைக் கொன்ற இலைநோய் 1869இல் முதலில் கண்ணில் பட்டது இதே ஊவாவின் மடூல்சீமையில். இருபது ஆண்டுக்குள் கோப்பி விழுந்தது, தேயிலை ஏறியது. தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். பிள்ளைகள் பிறந்தன. தோட்டம் நிரந்தரமானது, வேலை நிரந்தரமானது. தற்காலிகக் கொட்டகை மட்டும் தற்காலிகம் என்ற பெயரோடேயே நின்றது.

அதற்குப் பிறகு லயத்தை மாற்றியமைக்க நாட்டுக்குப் பல முறை வாய்ப்பு வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, அடுத்த ஆண்டே வாக்கும் போனது. வாக்கில்லாதவன் வீடு கேட்டு யாரிடம் போவான்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரின் தலைவிதியைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தது. ஆக லயம் மறுபடியும் கப்பலுக்குக் காத்திருக்கும் மடமாயிற்று. போகப்போகிறவனுக்கு எதற்கு வீடு என்ற 1840களின் கேள்வியை இம்முறை சுதந்திர நாடு கேட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. பெயர்ப்பலகை மாறிய ஒவ்வொரு தடவையும் லயம் கைமாற்றிக் கொடுக்கப்பட்டது.

இன்னொன்றும் நடந்தது. போரில் நிலம் இழந்த சிங்களக் கிராமத்தவரின் பேரன் பேத்திகள் மலையை நிமிர்ந்து பார்த்தபோது கண்ணில் பட்டது லயம். வீட்டை எரித்த படை போய்விட்டது, காட்டை வாங்கிய துரையின் பெயர் மறந்துவிட்டது. அந்த மண்ணில் நிறுத்தப்பட்ட தமிழர் மட்டும் எதிரே இருந்தார்கள். பறித்தவனிடம் கேட்க வேண்டிய கணக்கை, ஒரு பேர்ச் நிலம்கூட இல்லாதவரிடம் கேட்டார்கள். ஒரே போர் அடுத்தடுத்து உண்டாக்கிய இரண்டு ஏழைக் கூட்டங்கள் இப்படி ஒன்றுக்கொன்று எதிரியாக்கப்பட்டன. குடியுரிமை பறித்த அரசியலுக்கு அந்தக் கோபம் உரமானது.

2016இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மீரியபெத்தையில் வீடிழந்து, ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு வருஷம் தங்கியிருந்த குடும்பங்களுக்கு ஒக்டோபரில் மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. டிசம்பரில், 1818 கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என்ற பழைய பிரகடனத்தை ஜனாதிபதி ரத்துச் செய்து, அவர்களைத் தேசிய வீரர்கள் என்று அறிவித்தார். இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் இரண்டையும் ஒரே கதையின் இரு நுனிகளாகப் பார்த்தவர் அரிது. பிரகடனத்தை ரத்துச் செய்ய ஒரு கையெழுத்து போதும். அந்தப் போர் எழுதிவைத்த நிலக் கணக்கை ரத்துச் செய்ய நிலம் வேண்டும்.

போரிலிருந்து பாடம் படிக்க வேண்டும் என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் வீரத்தையும் துரோகத்தையும் பற்றித்தான் பேசுகிறோம். ஊவாவின் போர் விட்டுப்போன பாடம் வேறு. போருக்குப் பின்வந்த அவசர ஏற்பாடுகளுக்குப் போரைவிட ஆயுள் கெட்டி. லயம் நூற்றைம்பது ஆண்டு தாண்டி நிற்கட்டும் என்று எந்தச் சட்டசபையும் தீர்மானம் போடவில்லை. இதை இடித்து வீடு கட்டு என்று உரிய நேரத்தில் யாரும் தீர்மானிக்கவில்லை, அவ்வளவுதான்.

2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற திட்டம் தொடங்கி, இந்திய உதவியோடும் வீடுகள் எழும்பிவருகின்றன. லயங்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்துச் சரிவுகள் மறுபடி இறங்கின. இனி ஒரு வீட்டுத்திட்டம் வரும்போது சுவரின் வண்ணத்தைக் கேட்பதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்கலாம். உறுதிப்பத்திரம் குடியிருப்பவர் பெயரில் இருக்கிறதா? அந்தச் சரிவை ஆராய்ந்து பார்த்தார்களா? தோட்ட வேலையை விட்டாலும் அந்த வீட்டில் இருக்கலாமா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும், கட்டப்படுவது இன்னொரு லயம்தான்.