பீங்கான் நகரும் ஆதாயம் தரும் பதவியும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலால் பல நூற்றாண்டுகளாகவும் ரயில் சந்திப்பால் பிற்காலத்திலும் பெயர் பெற்றதாயினும், அதைப் பீங்கான் நகராக்கியது அரசே. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டியபோது அதன் மேலே படிந்து கிடந்த வெண்களிமண்ணும் வெளிப்பட்டது. நெய்வேலித் திட்டத்திலேயே களிமண் கழுவும் ஆலை ஒன்று இடம்பெற்றிருந்தது. விருத்தாசலத்தில் மாநிலத் தொழில் துறை பீங்கான் தொழிற்பேட்டையை அமைத்தது, பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனத்தை நடத்தியது; ‘டாசெல்’ என்று சுருக்கமாக வழங்கிய தமிழ்நாடு பீங்கான் நிறுவனம் அரசு நிறுவனமாக இயங்கியது; இவற்றைச் சுற்றி அகல் விளக்கு, பொம்மை, ஜாடி, மின்சார ஃப்யூஸ் கட்டை போன்றவற்றைச் செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. ஆகவே, ஒரே ஊரில், ஒரே களிமண்ணைக் கொண்டு, ஒருவர் அரசுத் துறையின் ஊழியராகவும், இன்னொருவர் அரசுக்குச் சொந்தமான கம்பெனியின் ஊழியராகவும், மற்றொருவர் தனியார் சூளையின் முதலாளியாகவும் தொழில் செய்ய முடிந்தது. இந்த மூவரில் யார் சட்டமன்ற உறுப்பினராகலாம், உறுப்பினரான பிறகு எந்த நாற்காலியில் அமரலாம் என்ற கேள்விக்கு அரசமைப்புச் சட்டம் தரும் விடை, பார்வைக்கு எளிதாகவும் ஆராய்ந்தால் சிக்கலாகவும் இருப்பது.

அந்த விடை 191ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் உள்ளது. இந்திய அரசின் கீழோ ஒரு மாநில அரசின் கீழோ ‘ஆதாயம் தரும் பதவி’ வகிப்பவர், அதாவது வருமானமோ வேறு பொருட்பயனோ கிடைக்கக்கூடிய பதவியில் இருப்பவர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படவும் உறுப்பினராக நீடிக்கவும் தகுதியற்றவர் என்பது அதன் சாரம். அமைச்சர் பதவி மட்டும் இந்தக் கணக்கில் சேராது என்று அதே பிரிவு விளக்கம் தருகிறது. அமைச்சர் பதவி அல்லாத பிற பதவிகளுக்கு மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி விலக்கு அளிக்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 102ஆம் பிரிவில் இதே விதி சொல்லப்பட்டுள்ளது.

இவ்விதியின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. மன்னர் பதவிகளையும் மானியங்களையும் கொடுத்து மக்களவை உறுப்பினர்களை வசப்படுத்திக்கொள்வார் என்ற அச்சத்தால், 1701ஆம் ஆண்டின் அரசுரிமைத் தீர்வுச் சட்டம், மன்னரின் கீழ் பதவி வகிப்போர் எவரும் மக்களவையில் அமரக்கூடாது என்று விதித்தது. அது அப்படியே நடைமுறைக்கு வந்திருந்தால் அமைச்சர்களும் அவைக்குள் நுழைந்திருக்க முடியாது. எனவே 1707இல் அது தளர்த்தப்பட்டு, பதவி ஏற்கும் உறுப்பினர் தம் இடத்தை இழந்து மறுபடியும் தொகுதி மக்களிடம் வாக்குக் கேட்டு வரவேண்டும் என்ற ஏற்பாடாக மாறியது. அமைச்சர்களைப் பொறுத்தவரை அந்த ஏற்பாடு 1926 வரையில் அங்கே முழுமையாக ஒழியவில்லை. இந்தியாவில் 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் 69ஆம் பிரிவில், முடியரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவரை மாகாணச் சட்டமன்றத்திலிருந்து விலக்கியதோடு, மாகாணச் சட்டமன்றம் தன் சட்டத்தால் எந்தப் பதவியையும் அந்தத் தடையிலிருந்து விடுவிக்கலாம் என்ற வாசலையும் திறந்துவைத்தது. 1937இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில், அமைச்சர்களுக்கு உதவியாகச் சட்டமன்ற உறுப்பினர்களே நாடாளுமன்றச் செயலர்களாக அமர்த்தப்பட்டனர். பிற்காலத்தில் முதலமைச்சரான எம். பக்தவத்சலம் அவர்களில் ஒருவர். உறுப்பினருக்குப் பதவி கொடுப்பதும் அதற்குச் சட்டத்தால் பாதுகாப்பு தேடுவதும் மாகாண சுயாட்சியோடு உடன்பிறந்தவை என்றே சொல்லவேண்டும். குடியரசான பின் சென்னை மாநிலம் இயற்றிய 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ஊதியம் வழங்குதலும் தகுதியின்மை நீக்குதலும் இணைந்து நின்றன. 1967இல் சட்டமன்றத் தகுதியின்மைத் தடுப்புச் சட்டமும் வந்தது.

விருத்தாசலம் போன்ற ஊருக்கு இந்த வரலாற்றில் முதன்மையானது ‘அரசின் கீழ்’ என்ற சொற்களின் பொருள்தான். ‘ஆதாயம்’ என்றால் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் சற்று விரைவிலேயே தெளிவாக்கியது. மைசூர் மாநிலத்துக் குப்பி வட்டத்தின் வளர்ச்சிக் குழுத் தலைவருக்குக் கூட்டம் ஒன்றுக்கு 6 ரூபாய் வழங்கப்பட்டது ஆதாயம் அன்று, செலவுக்கு ஈடு மட்டுமே என்று 1954இல் தீர்ப்பு வந்தது. ஆனால் ‘கீழ்’ என்பதை அளக்கும் கோல் அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. நியமிப்பது யார், நீக்குவது யார், பணம் கொடுப்பது யார், பணியைக் கட்டுப்படுத்துவது யார் என்று பல கேள்விகளைக் கேட்டு, அவற்றின் விடைகளை ஒன்றாகச் சீர்தூக்கியே நீதிமன்றம் முடிவுக்கு வரவேண்டியிருந்தது.

இந்தச் சீர்தூக்கலில் எதிரெதிரான முடிவுகளைத் தந்த இரண்டு வழக்குகள் அரசு ஆலைகளைப் பற்றியவை. முதலாவது, 1962 மக்களவைத் தேர்தலில் மேற்கு வங்கத்தில் வென்ற குரு கோவிந்த பாசு என்ற தணிக்கையாளரின் வழக்கு. அவர் துர்காபூர் திட்டக் கம்பெனி முதலான அரசுக் கம்பெனிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்துவந்தார். பணம் கொடுத்தது கம்பெனிதான், அரசுக் கருவூலம் அன்று. ஆயினும் நியமிக்கும் அதிகாரமும் நீக்கும் அதிகாரமும் நடுவணரசிடம் இருந்ததால் அவர் வகித்தது அரசின் கீழான பதவியே என்று உச்ச நீதிமன்றம் கூறி, தேர்தல் செல்லாது என்ற முடிவை நிலைநிறுத்தியது. இரண்டாவது, பத்ராவதியில் இருந்த மைசூர் இரும்பு எஃகு ஆலையின் வழக்கு, 1969இல் முடிந்தது. அந்த ஆலை முதலில் அரசே நேரடியாக நடத்திய தொழிற்சாலையாக இருந்து, பின்னர் அரசுக்கு முழுவதும் சொந்தமான கம்பெனியானது. அதன் பாதுகாப்புப் பொறியியல் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பங்குகள் அனைத்தும் அரசுடையவை, இயக்குநர்களை நியமிப்பதும் அரசே, ஆகவே இவர் அரசு ஊழியரே என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனியொரு ஆள், அவரை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் கம்பெனி, அரசு கம்பெனியைக் கட்டுப்படுத்துவதால் கம்பெனியின் ஊழியர் ஒவ்வொருவரும் அரசின் கீழ் வந்துவிடமாட்டார்.

பத்ராவதி ஆலை நடந்த வழியில் தமிழ்நாட்டின் அரசுத் தொழிற்கூடங்களும் நடந்தன. தொழில் வணிகத் துறையின் தொழிற்கூடங்கள் பலவற்றை எடுத்துக்கொண்டு 1965இல் உருவான டான்சி நிறுவனம் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. இந்த அளவுகோலை விருத்தாசலத்துப் பீங்கானுக்குப் பொருத்திப் பார்த்தால் ஏற்படும் பிரிவினை விந்தையானது. பீங்கான் தொழில்நுட்ப நிறுவனத்தில் பாடம் நடத்தும் துறை ஊழியர் தேர்தலில் நிற்கவேண்டுமானால் வேலையைத் துறக்கவேண்டும். அதே பாடத்தைக் கற்று அரசுக் கம்பெனியின் சூளையில் வேலை செய்பவரைத் தடுக்க 191ஆம் பிரிவின் இச்சொற்கள் போதா. அந்தக் கம்பெனிக்கு அரசே நேரில் நியமித்து ஊதியமும் கொடுக்கும் தலைவரோ, விலக்குச் சட்டம் காப்பாற்றாவிடில், தடைக்குள் விழுவார். இடைவெளியை ஓரளவு அடைப்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஆம் பிரிவு: உரிய அரசு 25 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் மேலாளர், செயலர் ஆகியோர் தகுதியற்றவர் என்று அது கூறுகிறது; ஆனால் கூட்டுறவுச் சங்கங்களை வெளிப்படையாகவே விட்டுவிடுகிறது. கூட்டுறவுச் சங்கங்கள் அரசியலின் நாற்றங்காலாக விளங்கிய ஒரு மாநிலத்தில் இந்த விலக்கு சிறிய விஷயமன்று.

விருத்தாசலத்தில் 1962இல் வென்ற காங்கிரஸ் உறுப்பினர் ஜி. பூவராகன் பக்தவத்சலம் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தார். அவரைப் போன்றோருக்குத் தடை இல்லை என்பதை அரசமைப்புச் சட்டமே சொல்லிவிட்டது. சிக்கல் எழுந்தது அமைச்சராக முடியாதவர்களால். 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தம், முதலமைச்சர் உட்பட அமைச்சர்களின் எண்ணிக்கை பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியதால், 234 பேர் கொண்ட தமிழ்நாட்டில் 35 பேருக்குமேல் அமைச்சராக முடியாமற்போனது. நாட்டின் பல மாநிலங்களில் மனக்குறை தீர்க்கும் மருந்தாக வாரியத் தலைவர் பதவிகளும் நாடாளுமன்றச் செயலர் பதவிகளும் பயன்பட்டன. டெல்லியில் 2015இல் நாடாளுமன்றச் செயலர்களாக்கப்பட்ட ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 20 பேர் 2018 ஜனவரியில் தகுதியிழந்து, மார்ச்சில் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் மீண்டதும், அசாமின் நாடாளுமன்றச் செயலர் சட்டத்தை 2017இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்ததும் இவ்வழி வந்தவை.

உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் குழுவின் தலைவராக இருந்த மாநிலங்களவை உறுப்பினர் ஜெயா பச்சன் 2006இல் தகுதியிழந்தபோது, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தை அவர் வாங்கினாரா இல்லையா என்பது பொருட்டன்று, பதவி ஆதாயம் தரத்தக்கதா என்பதே பொருட்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தேசிய ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த சோனியா காந்தி அதே ஆண்டு மார்ச்சில் மக்களவையிலிருந்து விலகி, மே மாதத்தில் ரேபரேலியில் மறுபடியும் வென்று வந்தார். 1707ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்பார்த்தது ஏறத்தாழ இதையே. நாடாளுமன்றமோ, பல பதவிகளுக்கு 1959ஆம் ஆண்டிலிருந்தே முன்தேதியிட்டு விலக்கு அளிக்கும் மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை 2006 மே 30ஆம் நாள் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பி, எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் நியாயமான பொது அளவுகோல் வேண்டும் என்று கேட்டார். மாற்றம் எதுவுமின்றி இரண்டாம் முறை நிறைவேறி வந்த மசோதாவுக்கு ஆகஸ்டில் ஒப்புதல் அளிப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை; உச்ச நீதிமன்றம் 2009இல் அச்சட்டத்தை ஏற்றது. கலாம் கேட்ட கேள்வி மட்டும் விடையின்றி நிற்கிறது.

தேர்தலால் வரும் இரட்டைப் பதவிகள் வேறு வகையைச் சேர்ந்தவை. ஒருவர் நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றத்திலும் ஒருங்கே உறுப்பினராக இருத்தலை 101ஆம் பிரிவு தடுக்கிறது. 14 நாட்களுக்குள் சட்டமன்ற இடத்தைத் துறக்காவிடில் நாடாளுமன்ற இடம் காலியாகிவிடும் என்று 1950ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. 1967இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றிருந்த அண்ணா முதலமைச்சரானதும் மேலவை வழியாக மாநிலச் சட்டமன்றத்துக்கு வந்தார். அவர் விட்ட தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார். உள்ளாட்சிப் பதவிகளுக்கு இத்தகைய தடையை அரசமைப்புச் சட்டம் நேரடியாக விதிக்கவில்லை. மு.க. ஸ்டாலின் 1996இலும் 2001இலும் ஆயிரம் விளக்குத் தொகுதியின் உறுப்பினராகவும் சென்னை மேயராகவும் இருந்தது அதனால்தான். ஜெயலலிதா அரசு 2002இல் நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி அந்த இரட்டை நிலையைத் தடுத்தது. எனினும் வழக்கில் ஸ்டாலினின் மேயர் பதவியைப் பறித்தது, தொடர்ந்து இரண்டாம் முறை மேயராவதைத் தடுத்த 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமே.

தகுதியின்மையை முடிவு செய்பவர் யார் என்பதிலும் சென்னை மாநிலத்து வழக்கே வழிகாட்டியது. 1952 இடைத்தேர்தலில் வென்ற சாகா வெங்கட சுப்பாராவ், பழைய தண்டனையால் தகுதியற்றவரா என்ற கேள்வி ஆளுநர் வழியாகத் தேர்தல் ஆணையத்துக்குச் சென்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு உண்டாகும் தகுதியின்மையை மட்டுமே 192ஆம் பிரிவின் கீழ் ஆளுநர் தீர்மானிக்கலாம், முன்பே இருந்த குறையைத் தேர்தல் வழக்கில்தான் எழுப்பவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1953இல் கூறியது. ஆதாயம் தரும் பதவி பற்றிய கேள்வியில் ஆளுநர் ஆணையத்தின் கருத்துப்படியே நடக்கவேண்டியவர். கட்சித் தாவல் பற்றிய கேள்வியோ பத்தாவது அட்டவணையின்படி பேரவைத் தலைவரிடம் செல்கிறது; 2016இல் விருத்தாசலத்தில் வென்ற வி.டி. கலைச்செல்வனுக்கு 2019இல் பேரவைத் தலைவர் ப. தனபால் அனுப்பிய நோட்டீஸ் அவ்வகையினது. அதன் மேல் நடவடிக்கைக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இந்த இரண்டு வழிகளும் சந்திக்கும் இடத்தில் 91ஆவது திருத்தம் சேர்த்த 361‘பி’ பிரிவு நிற்கிறது. கட்சித் தாவலால் தகுதியிழந்தவர், குறிப்பிட்ட காலம் வரை, ‘ஊதியம் தரும் அரசியல் பதவி’ எதையும் வகிக்கக்கூடாது என்று விதிக்கும் அப்பிரிவு, அரசுக்கு முழுமையாகவோ பகுதியாகவோ சொந்தமான, ஊதியத்தைத் தானே தரும் நிறுவனத்தின் பதவியையும் அந்த வரையறைக்குள் கொண்டுவருகிறது. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான 58ஆம் பிரிவும், அரசின் கட்டுப்பாட்டில் உள்ள உள்ளாட்சி அமைப்பு அல்லது பிற அமைப்பின் கீழான பதவியைத் தெளிவாகச் சேர்த்தே தடுக்கிறது. கம்பெனியையும் வாரியத்தையும் சட்டத்தின் சொற்களுக்குள் அடக்கத் தெரியாமல் 191ஆம் பிரிவு குறுகியதன்று. தெரிந்தே அவ்வாறு விடப்பட்டது, அந்த இடைவெளியில்தான் விலக்குச் சட்டங்கள் வளர்ந்தன. 58ஆம் பிரிவின் அச்சொற்களை 191ஆம் பிரிவில் சேர்க்கும் திருத்தம் எதுவும் இதுவரை வரவில்லை.