கரைந்துபோன ஞொக்கி

ஞொக்கியை ஒரே பாத்திரத்தில் கிரீமும் பாலாடைக்கட்டியும் சேர்த்து அரைமணி நேரத்தில் சமைத்து முடிப்பது இன்று பல நாட்டுக் குடும்பங்களின் இரவுணவாகிவிட்டது. இது இத்தாலியச் சமையலே அன்று என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அந்தத் தீர்ப்புக்கு வரலாறு எவ்வளவு துணை நிற்கிறது என்று பார்க்கலாம். (பெயரின் முதலொலியை எழுத இத்தாலியர்க்கு இரண்டு எழுத்துகள் வேண்டியிருக்கின்றன. நமக்கு 'ஞ' ஒன்றே போதும்.)

வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் கோதுமை மாவு பிசைந்து, விரல் நுனியளவு துண்டுகளாக்கிக் கொதிநீரில் இடுவதே நாமறிந்த ஞொக்கி. வெந்தால் மேலே மிதக்கும். அரித்தெடுத்துத் தனியே காய்ச்சிய சாஸில் புரட்டுவார்கள். மாவு மிகுந்தால் ரப்பர்போல் ஆகும். குறைந்தாலோ கரையும்.

அப்படிக் கரைந்த கதை ஒன்றை பெல்லெக்ரினோ அர்தூசி பதிவு செய்திருக்கிறார். பட்டு வணிகராக இருந்த இவர், பதிப்பாளர்கள் கைவிரித்த பின் 1891இல் ஃபுளோரன்ஸில் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூல், 1861இல் ஒன்றுபட்ட இத்தாலிக்கு ஒரு பொதுச் சமையலைத் தந்ததாகப் போற்றப்படுகிறது. அதில் பெயர் சொல்லப்படாத ஒரு சீமாட்டி வருகிறார். பானையில் இட்ட ஞொக்கியைக் கிளறக் கரண்டியை விட்டால், உள்ளே ஒன்றுமில்லை! எங்கே போயின என்று வியந்து கேட்டவர்களுக்கு அர்தூசி தரும் விடை எளியது: மாவு போதவில்லை, கொதிநீர் பட்டதும் கரைந்துவிட்டன. 400 கிராம் கிழங்குக்கு 150 கிராம் மாவு என்பது அவர் கணக்கு. அளவுகளுக்கு நடுவே இப்படியொரு சிறுகதையை வைக்கத் தெரிந்தவரை நாம் எழுத்தாளர் வரிசையில் சேர்ப்பதே நியாயம்.

ஆனால் அர்தூசியின் கிழங்கே புதுவரவுதான். பாப்பரசர் ஐந்தாம் பயஸின் சமையற்காரர் பார்த்தொலொமேயோ ஸ்காப்பி 1570இல் அச்சிட்ட பெருநூலில் ஞொக்கி உண்டு, உருளைக்கிழங்கு இல்லை. மாவும் ரொட்டித் துருவலுமே சேர்மானம். இன்னும் பின்னே போனால் பொக்காச்சியோ. 1348இன் கொள்ளைநோய்க்குப் பின் எழுந்த 'தெக்காமெரோன்' நூலின் எட்டாம் நாள் கதையொன்றில், துருவிய பார்மெசான் மலையின் உச்சியில் மக்கள் ஓயாமல் மக்கரோனி சமைத்து உருட்டிவிடுகிறார்கள். அந்த மக்கரோனி இன்றைய குழல்வடிவப் பண்டம் அன்று, ஞொக்கி போன்ற மாவுருண்டையே என்பது உணவு வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. கொலம்பஸ் கடல் கடக்க அப்போது ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

ஆண்டீஸ் மலையின் கிழங்கு 16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பா வந்துவிட்டபோதிலும், இத்தாலிய உழவர் அதை நெடுங்காலம் நம்பவில்லை. நம்ப வைத்தது பசி. 1815இல் தம்போரா எரிமலை வெடித்ததை அடுத்து 1816-17இல் வட இத்தாலியையும் வாட்டிய பஞ்சத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. கோதுமையை மிச்சம் பிடிக்கக் கிழங்கு புகுந்தது. பழைய பெயர் மட்டும் மாறாமல் நின்றது. இத்தாலியர் குடியேறிய அர்ஜென்டினாவில் மாதந்தோறும் 29ஆம் தேதி ஞொக்கி உண்பது வழக்கம். கையில் காசு தீர்ந்து அடுத்த சம்பளம் வராத நாள் அது. தட்டுக்கு அடியில் ஒரு பணத்தாளையும் வைப்பார்கள். வேலைக்கே வராமல் மாதக் கடைசியில் சம்பளத்துக்கு மட்டும் தலைகாட்டும் அரசு ஊழியருக்கும் அங்கே 'ஞொக்கி' என்றே பட்டப்பெயர்!

கிரீமும் அந்நியமன்று. பியெமோந்தே, அவோஸ்தா மலைப்புறங்களில் ஃபோந்தீனா பாலாடைக்கட்டியை உருக்கி, சில வீடுகளில் கிரீமும் விட்டு, நூல் இழுபட இழுபட ஞொக்கி பரிமாறுவார்கள். ஒரே பாத்திரம் என்பதுதான் உண்மையான மீறல். வெண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதக்கி, அரைக்கிலோ பொட்டல ஞொக்கியோடு கால் லிட்டர் காய்கறி வடிநீரும் சற்றுக் குறைவாகக் கிரீமும் சேர்த்துக் கொதிக்கவிட்டால், துண்டுகளின் மேற்பரப்பிலுள்ள மாவுப்பொருள் கசிந்து சாஸைத் தானே கெட்டியாக்குகிறது. சீமாட்டியின் பானையில் விபத்தாக நடந்ததே இங்கே சிறிய அளவில் செய்முறையாகிவிட்டது. உலர்த்திய கிழங்குத்தூளால் இறுகப் பிசைந்த ஆலைச் சரக்கு என்பதால் இதைத் தாங்குகிறது. கையால் பிசைந்த மென்மையான ஞொக்கியை இப்படி இட்டால் குழைந்துவிடும். அந்த மென்மை இதில் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கீரையை இறுதியில் சேர்த்து, வதங்கியதும் இறக்கிப் பாலாடைக்கட்டி தூவுவார்கள். பிள்ளைகளை முன்கூட்டியே மேசைக்கு அழைத்துவிடுவது நல்லது. ஆறினால் பாத்திரம் முழுவதும் ஒரே கட்டியாக இறுகிவிடும்.