அச்சமும் கைக்கெட்டும் தீர்வும்: அமெரிக்கத் துப்பாக்கி விளம்பரங்களின் கதை

1963ஆம் ஆண்டு பிப்ரவரி மாத ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. கொடுத்தது சிகாகோ நகரின் ‘க்ளைன்ஸ்’ என்னும் விளையாட்டுப் பொருள் அங்காடி. இத்தாலிய இராணுவம் கழித்துவிட்ட பழைய ரைஃபிள், குறிபார்க்கும் தொலைநோக்கியுடன் சேர்த்து 19.95 டாலர். சீட்டை நிரப்பிப் பணத்துடன் அனுப்பினால் அஞ்சலில் வந்துசேரும். விளம்பரம் அவ்வளவே. அதில் திருடன் இல்லை, இருட்டு இல்லை, அழும் குழந்தை இல்லை. செருப்பும் கைக்கடிகாரமும் விற்பதுபோலத் துப்பாக்கியும் விற்கப்பட்டது. அந்தச் சீட்டைப் பொய்ப்பெயரில் நிரப்பி அனுப்பியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டது அந்தத் துப்பாக்கியால்தான்.

இன்றைய அமெரிக்கத் துப்பாக்கி விளம்பரங்களில் இந்த எளிமையைக் காண்பது அரிது. ஒருபக்கம் நள்ளிரவு, தனித்திருக்கும் தாய், உடையும் கதவு. மறுபக்கம் பள்ளிக்கூடம், கழிவறைக்குள் ஒளிந்து நடுங்கும் சிறுமி. துப்பாக்கி வேண்டும் என்போரும் கட்டுப்பாடு வேண்டும் என்போரும் ஒரே உணர்ச்சியைத்தான் தூண்டுகிறார்கள். ஆயினும் பல பத்தாண்டுகளாக ஒரு தரப்பின் அச்சம் செயலாக மாறியது. மற்றதன் அச்சம் பெருமூச்சாகக் கரைந்தது. இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரை.

தொடங்குமுன் ஒரு விளக்கம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்க முடியும். நம்மில் பெரும்பாலோர்க்கு அது காவலர் தோளில் காணும் பொருள். அமெரிக்காவிலோ 1791இல் ஏற்கப்பட்ட அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருத்தலை உரிமை என்கிறது. கடைத்தெருவில் அது ஒரு சரக்கும்கூட. ஆகவே அங்கே சரக்கை விற்கும் விளம்பரமும் கருத்தை விற்கும் பரப்புரை விளம்பரமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தே நிற்கின்றன.

அச்சம் எப்போது மனிதரை இணங்கவைக்கிறது? 1953இல் யேல் ஆய்வாளர்கள் இர்விங் ஜானிஸ், சீமோர் ஃபெஷ்பாக் ஆகிய இருவரும் பள்ளி மாணவரிடையே ஒரு சோதனை நடத்தினர். பொருள், பல் பராமரிப்பு. ஒரு குழுவுக்கு அழுகிய ஈறுகளின் கோரப் படங்களுடன் உரை. மற்றொன்றுக்கு நடுத்தர அச்சம். மூன்றாவதற்கு மிகக் குறைந்த அச்சம். கோரப் படங்களைக் கண்டோரே மிகவும் கலங்கினர். ஆனால் அறிவுரைப்படி நடந்ததில் அவர்களே கடைசி. குறைந்த அச்சக் குழுவில் நூற்றுக்கு 36 என்ற அளவில் மாற்றம் தென்பட, பேரச்சக் குழுவில் 8தான்.

பின்வந்த ஆய்வுகள் இம்முடிவைத் திருத்தின. பேரச்சமும் பலிக்கும், ஆனால் அதற்கு ஒரு துணை வேண்டும் என்றன. 1992இல் கிம் விட்டி என்னும் அறிஞர் இதைத் தெளிவான கோட்பாடாக்கினார். அச்சுறுத்தும் செய்தியைக் கேட்பவர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன: இந்த ஆபத்து எனக்கு எவ்வளவு நெருக்கம்? இதைத் தடுக்க என்னால் ஏதேனும் செய்யமுடியுமா? இரண்டாவதற்கு ‘முடியும்’ என்ற விடை கிடைத்தால் அவர் ஆபத்தை எதிர்கொள்கிறார். கிடைக்காவிட்டால் ஆபத்தை விட்டுவிட்டு அச்சத்தைத் தணிக்கும் வழி தேடுகிறார்: முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், நம்ப மறுக்கிறார், சொன்னவரையே வெறுக்கிறார். தப்பிக்கும் நம்பிக்கை கொஞ்சமேனும் இருந்தால்தான் அச்சம் மனிதரைச் சிந்திக்கவைக்கும் என்று அரிஸ்டாட்டில் தம் பேச்சுக்கலை நூலில் முன்பே எழுதிவைத்தார்.

இந்த அளவுகோலுடன் வரலாற்றுக்குள் நுழைவோம்.

தேசிய ரைஃபிள் சங்கம், அதாவது என்.ஆர்.ஏ., 1871இல் நியூயார்க்கில் தோன்றியபோது அதன் நோக்கம் குறிபார்த்துச் சுடும் பயிற்சி. உள்நாட்டுப் போரில் வடபுலப் படைவீரர்கள் இலக்குத் தவறிச் சுட்டதைக் கண்டு வருந்திய அதிகாரிகள் தொடங்கிய அமைப்பு அது. 1934இல் முதல் பெரும் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் வந்தபோது, எல்லோரும் ஆயுதம் ஏந்தித் திரிவதைத் தாம் ஆதரிக்கவில்லை என்று சங்கத்தின் அன்றைய தலைவர் கார்ல் ஃபிரெடரிக் நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். அஞ்சல்வழித் துப்பாக்கி விற்பனையைத் தடுத்த 1968ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அன்றைய தலைமை ஓரளவு பொறுத்துக்கொண்டது. 1977இல் சின்சினாட்டி நகரில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் நிலைமை தலைகீழானது. ஹார்லன் கார்ட்டர் தலைமையிலான அணி பழைய நிர்வாகத்தை வீழ்த்திச் சங்கத்தைக் கைப்பற்றியது. வேட்டையும் குறிபார்த்தலும் பின்னுக்குப் போயின. தற்காப்பும் உரிமைப்போரும் முன்னுக்கு வந்தன.

விளம்பரத்தின் குரலும் உடன் மாறியது. 1980களின் பிற்பகுதியில் சங்கம் வெளியிட்ட ஓர் அச்சு விளம்பரம், வன்புணர வருபவன் கழுத்தை அறுக்குமுன் அவனைச் சுடலாமா என்று பெண்களை நோக்கிக் கேட்டது. 1989இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் பெண்களுக்கென்றே ‘லேடிஸ்மித்’ என்ற கைத்துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1992இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ என்னும் மகளிர் இதழில் கோல்ட் நிறுவனத்தின் விளம்பரம் வெளிவந்தது. அதில் ஒரு தாய் தன் குழந்தையைப் படுக்கையில் கிடத்தித் தூங்கவைக்கிறாள். கீழே இரண்டு கைத்துப்பாக்கிகளின் படம். தற்காப்பு உரிமை மட்டுமன்று, கடமையும்கூட என்பது அதன் சாரம்.

இவற்றின் அமைப்பைக் கூர்ந்து நோக்குக. ஆபத்து வீட்டு வாசலில் நிற்கிறது: மிக நெருக்கம். தீர்வு அடுத்த தெருக் கடையில் இருக்கிறது: அதைவிட நெருக்கம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். தேர்தல் வரும்வரை பொறுக்கவும் வேண்டாம். விட்டியின் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பக்கத்தில் விடை.

இந்த அச்சம் முற்றிலும் புனைவு என்று சொல்வது நேர்மையாகாது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வன்குற்றங்கள் உச்சத்தில் இருந்தன. காவலர் வந்துசேர நெடுநேரமாகும் சிற்றூரில் வாழ்பவருக்குத் தற்காப்பு வெறும் முழக்கமன்று. ஆனால் குற்றம் குறைந்தபின்னும் அச்சம் குறையவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. 1993க்குப் பின் இருபது ஆண்டுகளில் துப்பாக்கிக் கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆயினும் 2013இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, துப்பாக்கிக் குற்றங்கள் அந்த இருபது ஆண்டுகளில் கூடியுள்ளதாக நூற்றுக்கு 56 பேர் நம்பினர். துப்பாக்கி வைத்திருப்போரிடம் அதற்கான முதன்மைக் காரணத்தைக் கேட்டபோது, 1999இல் 49 விழுக்காட்டினர் வேட்டை என்றும் 26 விழுக்காட்டினர் பாதுகாப்பு என்றும் கூறியிருந்தனர். 2013இல் பாதுகாப்பு 48, வேட்டை 32. விளம்பரம் மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. தொலைக்காட்சிச் செய்திகளுக்கும் பங்குண்டு. ஆனால் விளம்பரம் எந்தத் திசையில் தள்ளியதோ அந்தத் திசையில்தான் நாடு நகர்ந்தது.

எதிர்த்தரப்பு என்ன செய்தது? 1981 மார்ச்சில் அதிபர் ரீகனைக் கொல்ல முயன்ற நிகழ்வில் அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிராடி தலையில் குண்டுபட்டு நிரந்தர ஊனமுற்றார். அவர் மனைவி சாரா பிராடி 1985இல் கைத்துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்றில் இணைந்தார். 29 டாலர் கைத்துப்பாக்கி ஒன்று தம் குடும்ப வாழ்வைச் சிதைத்ததைச் சொல்லும் அவரது விளம்பரம் நாளிதழ்களில் வந்தது. அதே அமைப்பின் புகழ்பெற்ற சுவரொட்டியில் அமெரிக்கக் கொடி வண்ணம் பூசிய கைத்துப்பாக்கி. அருகே ஜப்பான், பிரிட்டன், சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் ஓராண்டில் கைத்துப்பாக்கிக்குப் பலியானோர் எண்ணிக்கை; எல்லாம் சிறு எண்கள். இறுதியில் அமெரிக்கா: பத்தாயிரத்துக்கும் மேல். அதன்கீழ், கடவுள் அமெரிக்காவை ஆசீர்வதிப்பாராக என்ற கசப்பான ஒரு வரி.

கலைநோக்கில் அந்தச் சுவரொட்டி கோல்ட் விளம்பரத்தைவிட வலியது. ஆனால் பார்த்தவர் என்ன செய்யமுடியும்? கடிதம் எழுதலாம், நன்கொடை தரலாம், பிறகு வாஷிங்டனை நோக்கிக் காத்திருக்கலாம். 1987இல் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட பிராடி மசோதா சட்டமானது 1993 நவம்பரில். அச்சம் அத்தனை ஆண்டுகள் அதே சூட்டில் இருக்காது. கைக்கெட்டாத தீர்வைக் காட்டும் அச்சம், பல் பராமரிப்புச் சோதனையின் கோரப் படங்களைப் போன்றது: கலக்கும், நகர்த்தாது.

இதற்கிடையே என்.ஆர்.ஏ. இரண்டாவது அச்சம் ஒன்றையும் வளர்த்தது: துப்பாக்கி பறிபோகும் என்னும் அச்சம். 1995இல் வேய்ன் லாபியர் கையெழுத்திட்ட நிதி திரட்டும் மடல் கூட்டாட்சி அதிகாரிகளைக் குண்டர்களாகச் சித்திரித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஓக்லஹோமா நகரக் கூட்டாட்சிக் கட்டடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் மாண்டனர். அதையடுத்து முன்னாள் அதிபர் மூத்த புஷ் அம்மடலைக் கண்டித்துத் தம் வாழ்நாள் உறுப்புரிமையைத் துறந்தார். ஆனால் அந்த அச்சம் வணிகத்தில் பலித்தது. ஒபாமா இருமுறை வென்றபோதும் துப்பாக்கி விற்பனை பொங்கியது. துப்பாக்கி ஆதரவாளரான டிரம்ப் 2016இல் வென்றதும் விற்பனை சரிந்தது. 2018 மார்ச்சில் பழம்பெரும் ரெமிங்டன் நிறுவனம் திவால் மனு அளித்தது. அதன் கடன்சுமையும் ஒரு காரணம்தான். எனினும் பகைவன் ஆட்சியில் இருந்தால் இலாபம், நண்பன் ஆட்சியில் இருந்தால் நட்டம் என்னும் விந்தையை அச்சத்தின் கணக்கைக் கொண்டல்லவா விளங்கிக்கொள்ள முடியும்?

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே என்.ஆர்.ஏ. விளம்பரம் ஒன்று, ஆயுதக் காவலுடன் பள்ளி செல்லும் அதிபரின் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளைவிட உயர்ந்தவர்களா என்று கேட்டது. கட்டுப்பாடு கோரிய அன்னையர் அமைப்பின் விளம்பரங்களில் வகுப்பறையில் இரு குழந்தைகள்: ஒன்றின் கையில் தாக்குதல் ரைஃபிள், மற்றதன் கையில் பொம்மை பொதிந்த சாக்லேட் முட்டை. இரண்டில் ஒன்று குழந்தைகளின் பாதுகாப்புக்காகத் தடை செய்யப்பட்டுள்ளது. எது என்று கண்டுபிடியுங்கள். தடைசெய்யப்பட்டது சாக்லேட். பின்னணிச் சோதனையை விரிவாக்குவதைப் பத்தில் ஒன்பது பேர் ஆதரிப்பதாகக் கருத்துக்கணிப்புகள் கூறின. 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் 54 வாக்குகள் கிடைத்தன, தேவைப்பட்டவை 60. தீர்வு மீண்டும் கைநழுவியது.

ஆதரித்து வாக்களித்த லூசியானா செனட்டர் மேரி லாண்ட்ரூ மறு ஆண்டு தேர்தலைச் சந்தித்தபோது என்.ஆர்.ஏ. ஒரு தொலைக்காட்சி விளம்பரம் தந்தது. கைக்குழந்தையுடன் தனித்திருக்கும் தாய், கதவை உடைக்கும் அந்நியன், இறுதியில் காவல்துறையின் தடுப்பு நாடா. லாண்ட்ரூ ஆதரித்த மசோதா வீட்டிலிருக்கும் எவருடைய துப்பாக்கியையும் தொடவில்லை. ஆனால் விளம்பரத்தின் அச்சத்துக்கு மசோதாவின் வாசகம் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில்தான் கட்டுப்பாட்டுத் தரப்பில் சிலர் வேறு பாடம் கற்றனர். சாண்டி ஹூக் பெற்றோர் சிலர் தொடங்கிய ‘சாண்டி ஹூக் பிராமிஸ்’ அமைப்பு 2016 டிசம்பரில் ‘எவான்’ என்ற குறும்படத்தை வெளியிட்டது. நூலக மேசையில் எழுத்தைக் கீறி ஒரு மாணவன் தொடங்கும் இளங்காதல் கதை அது. இறுதியில் துப்பாக்கியுடன் ஒருவன் நுழைகிறான். பிறகு அதே காட்சிகள் மீண்டும் ஓடுகின்றன. அவன் தொடக்கத்திலிருந்தே பின்னணியில் தனியனாக, அறிகுறிகளுடன் இருந்ததை நாம்தான் கவனிக்கவில்லை. இங்கே கோரப்படுவது சட்டமன்று. அருகிலிருப்பவனைக் கவனி, கண்டதைச் சொல் என்பதே. 2018இல் பிராடி அமைப்பும் விளம்பர மன்றமும் இணைந்து தொடங்கிய பரப்புரை, வீட்டிலுள்ள துப்பாக்கியைப் பூட்டிவைக்கச் சொன்னது. முப்பது ஆண்டு தாமதத்துக்குப்பின் இத்தரப்பின் அச்சத்துக்கும் கைக்கெட்டும் தீர்வு கிடைத்தது.

பூட்டச் சொல்லும் அந்தப் பரப்புரை, மற்ற விளம்பரங்கள் காட்டாத ஒரு மரணத்தையும் தொட்டது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். கதவை உடைக்கும் அந்நியன் அங்கே இல்லை. பள்ளிக்குள் நுழையும் கொலைகாரனும் இல்லை. ஒருவர், ஒரு கெட்ட இரவு, பூட்டப்படாத ஓர் இழுப்பறை. வீட்டிலிருக்கும் துப்பாக்கி வீட்டாரின் ஆபத்தைக் கூட்டுகிறதா என ஆராய்ந்த ஆர்தர் கெல்லர்மனின் ஆய்வு 1993இல் வெளிவந்தது. அதன் எதிரொலியாக 1996இல் நாடாளுமன்றம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பணத்தைச் செலவிடலாகாது என விதித்தது. இவ்வாய்வுகளுக்குச் செலவான 26 இலட்சம் டாலரையும் அவற்றிடமிருந்து பறித்தது. இத்துறைக்கென மீண்டும் நிதி ஒதுக்கப்பட்டது 2019 இறுதியில். இடைப்பட்ட காலத்தில் மக்களுக்கு ஆபத்தை வரைந்து காட்டிய பணியை ஆய்வாளரைவிட விளம்பரதாரரே அதிகம் செய்தனர்.

அச்சமூட்டும் பரப்புரை எந்த நாட்டில், எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும் மூன்று கேள்விகளால் அதைச் சோதிக்கலாம் என்று இவ்வரலாறு காட்டுகிறது. காட்டப்படும் ஆபத்து உண்மையில் எவ்வளவு அடிக்கடி நேர்கிறது? நீட்டப்படும் தீர்வால் பயன்பெறுபவர் யார்? அந்தப் படத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மரணம் யாருடையது? அமெரிக்கத் துப்பாக்கி விளம்பரங்களைப் பொறுத்தவரை மூன்றாம் கேள்விக்கான விடை, 2021இல் மட்டும் 26,328 பேர்.