டொயோட்டா: தறியில் பிறந்த நற்பெயர்

நம் நாட்டில் பழைய கார் வாங்கப் போகிறவரிடம், "டொயோட்டாவா? கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று உடன் வருபவர் சொல்வதைப் பலரும் கேட்டிருப்போம். இதே நாட்டில், போருக்கு முந்திய காலத்தில், "சப்பான் சாமான்" என்றால் விலை குறைவு, உழைப்பும் குறைவு என்றே பொருள். மலிவான ஜப்பானியத் துணி சந்தையில் வந்து குவிந்தமையால், 1934-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு தன் குடியேற்ற நாடுகளில் அத்துணியின் இறக்குமதிக்கு அளவு விதித்தது. மலாயாவும் அதற்கு உட்பட்டது. மலிவுக்குப் பெயர்போன நாட்டின் பொருள் இரண்டு தலைமுறைக்குள் உறுதிக்குப் பெயர்பெற்றது எங்ஙனம்? பெற்ற பெயரை அது காத்துக்கொண்டதா? இவ்விரு வினாக்களுக்கும் ஒரு நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு விடை காண முயல்வோம்.

தச்சர் மகன் செய்த தறி

டொயோட்டாவின் வரலாறு காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்குகிறது. சாக்கிச்சி டொயோடா என்பார் 1867-ஆம் ஆண்டில், இன்று ஷிசுவோக்கா மாநிலத்தில் உள்ள சிற்றூர் ஒன்றில், தச்சர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். உயர்கல்வி பெற்றவர் அல்லர். ஊர்ப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைக் கண்டு, அதைக் குறைக்கும் வழியைத் தேடினார். 1891-இல் தம் முதல் மரத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். 1896-இல் விசைத்தறி ஒன்றைச் செய்தார். ஊடை நூல் அறுந்தால் அத்தறி தானே நின்றுவிடும்.

இவ்வமைப்பின் சிறப்பை நெசவு அறிந்தவர் எளிதில் உணர்வர். தறி விரைவாக ஓடுகையில் நூல் ஒன்று அறுந்துபோனால், அதை எவரும் காணும் முன்னரே முழக்கணக்கில் துணி பாழாகும். அதைத் தடுக்க, தறிக்கு ஓர் ஆளை எப்போதும் காவல் வைக்க வேண்டும். தறியே பிழையை உணர்ந்து நின்றுவிடுமானால் துணி பாழாகாது. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளவும் இயலும். 1924-இல் சாக்கிச்சி நிறைவு செய்த தானியங்கித் தறி, ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொண்டது; ஆனால் பாவு நூல் ஒன்று அறுந்தாலோ உடனே நின்றது. நிற்க வேண்டாத இடத்தில் நில்லாமையும், நிற்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுதலும் அதன் இயல்புகள் எனலாம். தறி செய்வதில் அந்நாளில் உலகில் முன்னின்ற இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் நிறுவனம், 1929-இல் ஒரு இலட்சம் பவுனுக்கு இதன் உரிமையைப் பெற உடன்பட்டது. சாக்கிச்சி அடுத்த ஆண்டு மறைந்தார்.

தறிச்சாலையில் கார்

சாக்கிச்சியின் மகன் கீச்சிரோ பொறியியல் கற்றவர். அவருடைய முயற்சியால் 1933-இல் டொயோடா தானியங்கித் தறி நிறுவனத்திற்குள் மோட்டார் வண்டிப் பிரிவு ஒன்று தொடங்கப்பெற்றது. 1935-இல் முதல் மாதிரிக் காரும், அதே ஆண்டில் 'ஜி1' என்னும் லாரியும் உருவாயின.

அந்த லாரியின் வரலாறு ஆசிரியர்கள் அறிய வேண்டியது. அது நல்ல லாரி அன்று. அடிக்கடி பழுதுபட்டு வழியில் நின்றது. கீச்சிரோவும் பிற பொறியாளர்களும் பழுதுபட்ட வண்டியைத் தேடிச்சென்று, உடைந்த உறுப்பைப் பார்த்து, அதன் அமைப்பை மாற்றினர். இவ்வாறு நூற்றுக்கணக்கான திருத்தங்கள் செய்யப்பெற்றன. பின்னாளில் உறுதிக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் முதல் லாரி நடுவழியில் நின்ற லாரி என்பது நினைவில் வைக்கத்தக்கது.

1936-இல் வண்டிக்குச் சின்னம் வேண்டிப் பொதுமக்களிடம் போட்டி நடத்தினர். ஏறத்தாழ 27,000 படைப்புகள் வந்தன. குடும்பப் பெயரான 'டொயோடா', 'டொயோட்டா' ஆயிற்று. ஜப்பானிய எழுத்தில் எழுதினால் முன்னதற்குப் பத்துக் கோடுகள்; பின்னதற்கு எட்டு. எட்டு அந்நாட்டில் வளர்ச்சியைக் குறிக்கும் நல்ல எண். 1937 ஆகஸ்டில் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியாகப் பதிவு பெற்றது. மறு ஆண்டு கொரோமோ என்னும் ஊரில் தொழிற்சாலை எழுந்தது. 1959-இல் அவ்வூரின் பெயரே டொயோட்டா நகர் என மாற்றப்பெற்றது.

போரும் நெருக்கடியும்

இனி வருவது நமக்கு வலிக்கும் பகுதி. போர்க்காலத்தில் டொயோட்டா ஜப்பானியப் படைக்கு லாரிகள் செய்து தந்தது. அந்தப் படையின் ஆட்சியைத்தான் நம் பெரியோர் "சப்பான்காரன் காலம்" என்று சொல்லி வந்தனர். மரவள்ளிக்கிழங்கே உணவாகிய காலம் அது. தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களுள் திரும்பி வாராதவர் மிகப் பலர். இதை விட்டுவிட்டு அந்நாட்டுத் தொழில் வளர்ச்சியை மட்டும் புகழ்தல் வரலாறு ஆகாது. இதையே எண்ணி, அவர்கள் பிற்காலத்தில் கற்ற பாடத்தைக் கல்லாமல் விடுதலும் அறிவுடைமை ஆகாது.

போருக்குப் பின் டொயோட்டா ஏறத்தாழ வீழ்ந்துவிட்டது. 1949-இல் பணவீக்கத்தை அடக்க அரசு எடுத்த கடும் நடவடிக்கைகளால் வண்டி விற்பனை சுருங்கியது. விற்ற வண்டிக்கும் பணம் வரவில்லை. வங்கிகள் கூடிக் கடன் தந்து நிறுவனத்தைக் காத்தன. ஆனால் ஆட்குறைப்பையும், விற்பனைக்குத் தனி நிறுவனத்தையும் வேண்டின. தொழிலாளரை நீக்குவதில்லை என்று கூறியிருந்த கீச்சிரோவால் அச்சொல்லைக் காக்க இயலவில்லை. நீண்ட போராட்டத்திற்குப் பின் ஏறத்தாழ 2,000 பேர் வேலையை விட்டுச் சென்றனர். பொறுப்பை ஏற்றுக் கீச்சிரோவும் 1950 ஜூனில் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். அதே மாதம் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படை லாரிகளுக்கு ஆணை தந்தமையால் நிறுவனம் பிழைத்தது. கீச்சிரோ 1952-இல் காலமானார்.

கயிற்றை இழுக்கும் உரிமை

நற்பெயருக்கு அடித்தளம் இதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான் இடப்பெற்றது. கீச்சிரோவின் உறவினரான ஏஜி டொயோடா 1950-இல் அமெரிக்காவில் ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்து வந்தார். அதே வேளையில், நெசவாலையிலிருந்து கார் ஆலைக்கு வந்த தாயிச்சி ஓனோ என்னும் பொறியாளர், தறியின் பாடத்தைக் கார் வரிசைக்குக் கொண்டுவந்தார். பிழை கண்ட தொழிலாளி எவராயினும், மேலாளரைக் கேளாமலே, உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்பது அவர் வகுத்த முறை. பின்னர்த் தலைக்கு மேல் ஒரு கயிறு கட்டப்பெற்றது. அதை இழுத்தால் விளக்கு எரியும். மேற்பார்வையாளர் ஓடி வருவார். குறித்த நேரத்துள் குறை தீராவிட்டால் வரிசை நின்றுவிடும்.

பெருந்தொழிற்சாலையில் ஒரு நிமிட நிறுத்தமும் பெரும் இழப்பு. ஆகவே பிழையான வண்டியையும் ஓடவிட்டுக் கடைசியில் திருத்திக்கொள்வதே பிற நாடுகளில் வழக்கமாக இருந்தது. ஓனோவின் வரிசைகள் தொடக்கத்தில் அடிக்கடி நின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் காரணத்தை வேர்வரை தேடித் திருத்தியதால், நாளடைவில் நிற்க வேண்டிய தேவை குறைந்தது. ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பது அவர் தந்த பயிற்சி.

தமிழாசிரியர்க்குச் சுவை தரும் செய்தி ஒன்று உண்டு. இம்முறைக்கு ஜப்பானிய மொழியில் 'ஜிடோக்கா' என்று பெயர். தானே இயங்கச் செய்தல் என்னும் சொல்லும் இதே ஒலி உடையதே. ஆனால் டொயோட்டாவினர் அதை எழுதும்போது, 'இயக்கம்' என்னும் எழுத்தின் பக்கத்தில் 'மனிதன்' என்னும் குறியைச் சேர்த்து எழுதுவர். ஒலி மாறாது, பொருள் மாறும். எந்திரம் வெறுமனே ஓடினால் போதாது, மனிதனைப்போல் நன்று தீது அறிந்து நிற்கவும் வேண்டும் என்பது கருத்து.

அமெரிக்கச் சாலையில் பெற்ற பாடம்

1955-இல் வெளிவந்த 'கிரவுன்' கார் ஜப்பானில் நன்மதிப்புப் பெற்றது. அந்தத் துணிவில் 1958-இல் அதை அமெரிக்காவில் விற்கத் தொடங்கினர். அந்நாட்டு நெடுஞ்சாலை வேகத்திற்கு அது ஈடுகொடுக்கவில்லை. வலிமை போதவில்லை, வண்டி அதிர்ந்தது. விளம்பரத்தால் ஒப்பேற்ற முயலாமல், 1960-ஆம் ஆண்டின் இறுதியில் அங்குக் கார் அனுப்புவதையே நிறுத்திவிட்டனர். 1965-இல் திருந்திய 'கொரோனா' காருடன் மீண்டும் சென்றனர். தரக் கட்டுப்பாட்டிற்கான டெமிங் பரிசும் அதே ஆண்டில் கிடைத்தது. 1966-இல் வந்த 'கொரோலா' 2021-க்குள் உலகெங்கும் 5 கோடிக்கு மேல் விற்றுவிட்டது.

1989-இல் 'லெக்சஸ்' என்னும் உயர்தர வண்டியை வெளியிட்டனர். சில மாதங்களிலேயே அதில் மூன்று குறைகள் தெரியவந்தன. ஏறத்தாழ 8,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தனர். உரிமையாளர் பலருக்கு ஆள் அனுப்பி, வண்டியை எடுத்து வந்து, பழுது நீக்கி, கழுவித் திருப்பித் தந்தனர். பெயரைக் கெடுத்திருக்க வேண்டிய நிகழ்ச்சி பெயரை வளர்த்தது. பிழை நேர்ந்ததை மக்கள் பொறுத்தனர். அதை மறைக்காமையைப் போற்றினர்.

நில்லாமல் ஓடிய காலம்

2008-இல் டொயோட்டா உலகின் முதல் கார் நிறுவனமாயிற்று. மறு ஆண்டிலேயே சரிவு தொடங்கியது. 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில், கால்விரிப்பில் வேக மிதி சிக்கிக்கொண்ட லெக்சஸ் வண்டி ஒன்று கட்டுக்கடங்காமல் ஓடி மோதியது. ஒரு குடும்பத்தினர் நால்வர் மாண்டனர். விரிப்புக் குறைபாட்டிற்காகவும், மிதி ஒட்டிக்கொள்ளும் குறைபாட்டிற்காகவும் இலட்சக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கீச்சிரோவின் பேரரான அக்கியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றி வருத்தம் தெரிவித்தார். ஆட்களைப் பயிற்றும் வேகத்தை மிஞ்சி நிறுவனம் வளர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். மின்னணுப் பகுதியில் குற்றம் காணப்படவில்லை என்று 2011-இல் அமெரிக்க ஆய்வு கூறியது. ஆயினும், அறிந்த குறையைப் பற்றி மக்களுக்குத் தவறான செய்தி தந்தமைக்காக, 2014-இல் நிறுவனம் 120 கோடி டாலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. தண்டம் பிழைக்காக அன்று, மறைத்தமைக்காக என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இதன் தொடர்ச்சி நம் வாயில்வரை வந்தது. நம் நாட்டில் 1993-இல் நிறுவப்பெற்ற பெரோடுவா, மறு ஆண்டு வெளியிட்ட 'கஞ்சில்' முதல், ஜப்பானின் டைஹட்சு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைத் துணைக்கொண்டு வளர்ந்தது. டைஹட்சு 2016 முதல் முழுமையும் டொயோட்டாவின் உடைமை. 2023 ஏப்ரலில், பக்கவாட்டு மோதல் சோதனைக்கு வைத்த சில வண்டிகளில் கதவின் உட்பக்க உறையை விற்பனை வண்டியில் இல்லாதவாறு மாற்றியமைத்திருந்ததை டைஹட்சு ஒப்புக்கொண்டது. நம்மவர் ஓட்டும் 'ஆக்சியா'வும் அப்பட்டியலில் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கை, 64 வகை வண்டிகளைத் தொட்ட 174 முறைகேடுகளைக் காட்டியது. வண்டி பாதுகாப்பானதா என்பது வேறு கேள்வி. சோதனை நேர்மையாக நடந்ததா என்பதே இங்குள்ள கேள்வி. உருவாக்கக் காலத்தை அளவுக்கு மீறிக் குறுக்கியதும், இயலாது என்று சொல்ல ஊழியர்க்கு வாய்ப்பில்லாமற் போனதும் காரணங்கள் என அறிக்கை கூறியது. முதலில் உண்மையை வெளிக்கொணர்ந்தது உள்ளிருந்து வந்த புகாரே.

2024 ஜனவரியில், டீசல் எஞ்சின் சோதனைகளில் முறைகேடு செய்தமை வெளிப்பட்ட நிறுவனம் டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். அது வேறு எதுவும் அன்று. சாக்கிச்சியின் தறி நிறுவனமே. அதே ஆண்டு ஜூனில் டொயோட்டாவும் தன் ஏழு வகை வண்டிகளின் சோதனையில் முறைகேடு இருந்ததை ஒப்புக்கொண்டது. அறுந்த நூலைக் கண்டு நிற்கும் தறியைச் செய்த வீட்டிலேயே, அறுந்த நூலோடு தறி ஓடியிருக்கிறது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றால் நாம் அறிவது ஒன்று. பிழை செய்யாதவர் என்று பெயர்பெற்றவர் உலகில் இலர். டொயோட்டாவின் முதல் லாரி நின்றது. முதல் அமெரிக்க முயற்சி தோற்றது. லெக்சஸில் குறை இருந்தது. நின்று திருத்திய போதெல்லாம் பெயர் வளர்ந்தது. நில்லாமல் கணக்குக் காட்டிய போது பெயர் குறைந்தது. பெயரின் அளவும் அப்பொழுது உதவவில்லை; பெயர் பெரிதாயிருந்தமையாலேயே குறையைச் சொல்ல அஞ்சினர் போலும்.

இது கார் செய்வோர்க்கு மட்டும் உரிய பாடம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன், என் பள்ளியில் ஆறாம் ஆண்டுக்கு வந்த ஒரு மாணவனிடம் நாளிதழைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவனுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. முந்திய ஐந்தாண்டுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் "தேர்ச்சி" என்றே இருந்தது. எவரும் தீய நோக்குடன் எழுதியதன்று. பள்ளியின் பெயர் கெடக்கூடாது, அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருக்கின்றனர். அவற்றுள் மூன்று ஆண்டுகளின் பதிவேட்டில் தலைமையாசிரியர் கையொப்பம் என்னுடையது.

அன்று முதல் எங்கள் பள்ளியில், முதலாம் ஆண்டு ஆசிரியரும் "இந்தப் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை" என்று கூச்சமின்றி எழுதலாம். அதற்காக எவரும் அவரைக் குறை கூறுவதில்லை. அவ்வாறு எழுதப்பெற்ற பிள்ளைக்கு மாலையில் தனி வகுப்பு உண்டு. எங்கள் தேர்ச்சிக் கணக்கு முன்போல் அழகாக இல்லை. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை யார் என்று இப்பொழுது எங்களுக்குத் தெரியும்.